பீர்க்கங்கொடிக்குக் கீழ ஒரு காடி

பாராங் கத்திய ஓங்கி ஒரே வெட்டு. பீர்க்கங்கொடி ரெண்டா அறுந்து, வெட்டுன எடத்துலேர்ந்து தண்ணி சொட்டுச்சு.

"போதுமா பாஸ்?"னு கிஷன் கேட்டான்.

"போதும் பாஸ், இப்ப கம்பி நுழைஞ்சிரும்"னான் டென்ட் போட வந்தவன்.

உள்ள ஹால்ல அத்தை படுத்திருந்தாங்க. நல்லம்மாள், அவன் பொண்டாட்டி தாமரையோட அம்மா, அறுபத்தெட்டு வயசு. நேத்து சாயங்காலம்கூட செடிக்குத் தண்ணி ஊத்துனவங்க, காலையில எழுந்திரிக்கல. அவ்ளோதான்.

கேட்டுக்கு வெளிய காரு நின்னா டென்ட் போட முடியாதுன்னு, கிஷன் தன்னோட காடியையும் எடுத்து எதிர் பக்கம் ரோட்டோரம் விட்டான்.

தாமரையக் கட்டிக்கிட்டு இந்த சுங்கை வே வீட்டுக்கு வந்து மூணு வருஷம். மூணு வருஷமும் போர்ச்சுக்குத்தான் சண்டை. காடி நிக்க வேண்டிய எடத்துல பூரா காலி பெயின்ட் தோங்கு, ஒவ்வொரு டின்னுலயும் செடி. வெண்டை, கத்திரி, பச்சமொளகா. பாசார்ல மீன்காரன்கிட்ட கேட்டு வாங்குன ஐஸ் பெட்டியில கீரை. அரிசி கழுவுன தண்ணி ஒரு சொட்டு சிங்க்குல போகக்கூடாது. எறா தோல ஊற வெச்சு ஊத்துவாங்க பாருங்க, அன்னைக்கு போர்ச்சே நாறும்.

"அத்தை, செடியெல்லாம் உள்ள தூங்குது, என் காடி ரோட்டுல நிக்குது. நியாயமா லா இது?"

"செடிக்கு டயர் இல்லயே மாப்ள. அது எங்க போகும்?"

இந்தப் பீர்க்கங்கொடிதான் ரொம்பக் கடுப்பு. கேட்டோரம் ஒரு தோங்குல நட்டு, உள்ளுக்குள்ள படரவிடாம, கேட்டு மேல ஏத்தி, ரோட்டுல இருக்கற லைட்டுக் கம்பம் வரைக்கும் ராஃபியா கயிறு கட்டி வெளிய விட்டுட்டாங்க. ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு மத்தியானம் ரெண்டரைக்குக் கெளம்பினா, காடி கண்ணாடி முழுக்க வாடுன மஞ்சப் பூ. வைப்பர் போட்டா அரைச்சு அப்பிக்கும்.

நேத்தும் அதே கூத்துதான். "ஞாயித்துக்கெழம இத வெட்டிருவேன் அத்தை. சொல்லிட்டேன்."

அவங்க கண்ணாடியிலேர்ந்து பூவ ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டே, "இந்த வெயில் கொஞ்சம் கொறையட்டும் மாப்ள. அப்பறம் நானே வெட்டித் தரேன்"னாங்க.

அவன் காடிக் கதவ சாத்திக்கிட்டுப் போயிட்டான். அதான் கடைசி.

நாலு மணிக்கு எடுத்தாங்க. பொம்பளைங்க கேட்டோட நின்னுட்டாங்க. தாமரை கேட்டுக் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னா, அழுது முடிச்ச மொகம். அத்தைய ஏத்துன வேன் பின்னாடி போக கிஷன் காடிக் கதவத் தொறந்தான். தாமரையோட சித்தப்பா சபாபதி பக்கத்துல உக்காந்ததும் துள்ளுனாரு.

"ஆயியோ! என்னா மாப்ள, காடி அடுப்பு மாதிரி கொதிக்குது!"

கிஷன் ஸ்டியரிங்கப் புடிச்சான். படக்குனு கைய எடுத்தான். மூணு வருஷத்துல ஒரு நாள்கூட இப்படி சுட்டதில்ல.

"வெயில் ஏறாம கண்ணாடிக்கு என்னமோ பெரிய டின்ட்டு போட்டிருக்கேன்னு போன தீவாளிக்கு அந்த அளப்பு அளந்தீங்க?"

அளந்தான்தான். வேலை எடத்துலயும் அளந்திருக்கான். "உச்சி வெயில்ல ஏறுனாலும் ஜில்லுனு இருக்கும், என் டின்ட்டு அப்படி." அத்தைகிட்டயும் சொல்லியிருக்கான். அவங்க வெண்டக்கா ஒடிச்சிக்கிட்டே, "ஆமா மாப்ள, நல்ல டின்ட்டு"ன்னாங்க. சிரிக்கக்கூட இல்ல.

டின்ட்டு அதே டின்ட்டுதான். நின்ன எடந்தான் வேற.

எதிர்ல, கால்வா ஓரமா, காலையில அவன் இழுத்துப் போட்ட கொடி குமிஞ்சு கெடந்துச்சு.

"மாப்ள, வேன் போயிருச்சு. போவோமா?"

"ம்."

ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் புடிச்சான். இந்தத் தடவ எடுக்கல.

திரும்பி வந்தப்ப மணி ஆறரை. டென்ட்ட அவுத்து லோரியில ஏத்திக்கிட்டிருந்தாங்க. ஆளுங்க உக்காரணும்னு தோங்கையெல்லாம் பின்னால தூக்கிட்டுப் போயிட்டதால போர்ச்சு மொட்டையா கெடந்துச்சு. பீர்க்கந்தோங்கு மட்டும் அங்கயே. கனம், யாராலயும் நகத்த முடியல. அதுல ஒரு மொழம் தண்டும் மூணு எலையும் மிச்சம்.

"எடந்தான் காலியா இருக்கே மாப்ள. காடிய உள்ள போட்டுருங்க"ன்னாரு சபாபதி.

"வேணாம் மாமா. எப்பவும் நிக்கற எடத்துலயே நிக்கட்டும்."

ரோட்டுல, வெறும் ராஃபியா கயித்துக்குக் கீழ விட்டுட்டு எறங்குனான். கால்வா ஓரம் கெடந்த கொடியில, அறுத்தது தெரியாத மாதிரி, நாலு பூ மலர்ந்திருந்துச்சு.

கேட்டுப் பக்கத்துல ரப்பர் பைப்ப எடுத்து வெச்சிருந்தாங்க. தாமரை வாசப்படியிலேர்ந்து, "என்னங்க, காலக் கழுவிட்டு வாங்க. நேரா பாத்ரூமுக்குப் போயிருங்க"ன்னா.

"தோ வரேன்."

பைப்பத் தொறந்து பீர்க்கந்தோங்குல விட்டான். மண்ணு கொப்புளிச்சு கொப்புளிச்சு குடிச்சுது. ரொம்பி, அடியில இருந்த ஓட்ட வழியா கலங்குன தண்ணி வழிஞ்சு, சிமெண்ட்டுல ஓடி வந்து அவன் கால நனைச்சுது.

அவன் நகரல.