மெர்லினோட அம்மா

"ரெண்டாவது வரி தப்பு. மாத்துங்க" என்றாள் மெர்லின்.

ஃப்ளெக்ஸ் கடை அசோகன் தலையைச் சொறிந்தான். கணினித் திரையில் அம்மா சகாயமேரி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்கும் கீழே, 'மகன்கள்: மார்ட்டின், செல்வின்'.

"உங்க அண்ணன் எழுதிக் குடுத்தது அப்படித்தாங்க இருக்குது."

"அவரு எழுதுனா நான் திருத்துவேன். என் வேலையே அதான். மகன் மார்ட்டின். மகள் மெர்லின். அடிங்க."

அசோகன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவளுடைய பழைய பெயரான செல்வினை அழித்தான். "மெர்லினுக்கு ரெண்டு சுழி ன தானுங்களே?" என்று கேட்டுக்கொண்டே அடித்தான்.

சென்னையில் நான்கு பேரை வைத்துக்கொண்டு அவள் 'எட்டாம் நிறம்' என்ற இணைய இதழை நடத்திவருகிறாள். திருநங்கைகள், திருநம்பிகள், ஆணைக் காதலிக்கும் ஆண்கள், பெண்ணைக் காதலிக்கும் பெண்கள் பற்றிய செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு, சினிமா எல்லாம் அதில் வரும். தொடங்கியபோது, "நெறம் ஏழுதானடி இருக்குது?" என்றாள் அம்மா. "எட்டாவது நாங்கதாம்மா."

நான்கு வருடம் முன்பு, ஒரு படம் பார்த்துவிட்டு சகாயமேரி போனில் பொரிந்து தள்ளினாள். "ஏண்டி, உங்காளுங்க வந்தாலே ஜனம் சிரிக்கணும்னு எவன் சட்டம் போட்டான்? அந்தப் புள்ளைக்குப் பசிக்காதா, காய்ச்சல் வராதா?" மெர்லின் அதைப் பதிவுசெய்து அப்படியே இதழில் போட்டாள். பதினோராயிரம் பேர் கேட்டார்கள். அதிலிருந்து வாரம் ஒரு படம். உப்பளத்தில் உப்பு வாரி முடித்து, வரப்பில் உட்கார்ந்து, போனை வாய்க்குக் கிட்டே பிடித்துப் பேசுவாள். ஒவ்வொரு முறையும் ஒரே முடிப்பு: "இப்படிக்கு, மெர்லினோட அம்மா சகாயமேரி, மரக்காணம்."

மார்ட்டின் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. சண்டை போட்டதும் இல்லை. தங்கை ஊருக்கு வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். அவளை எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

நேற்றுக் காலை பாத்தியில் நின்ற அம்மா, நெஞ்சு அடைக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியில் மடியில் தாங்கிக்கொண்டு போனவன் மார்ட்டின்தான்.

பேனரைத் தெருமுனையில் கட்டியதும் பெரியப்பா சவரிராயன் வந்து நின்றார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மார்ட்டினு! இது என்னடா கூத்து? ஊருல தலகாட்ட வேணாமா? அவுத்துப் போடு."

ஷாமியானாவுக்குள்ளிருந்து மார்ட்டின் வந்தான். அவன் கண்கள் வீங்கியிருந்தன. பேனரை நிமிர்ந்து பார்த்தான்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"அம்மாவ" என்றாள் மெர்லின். "வாராவாரம் அம்மா சொன்னதத்தான் போட்டிருக்கேன்."

பெரியப்பா தானே கயிற்றில் கைவைத்தார். ஒரு முடிச்சு அவிழ்ந்து, பேனரின் ஒரு பக்கம் சரிந்தது.

அந்த நேரத்தில்தான் உப்பளத்துப் பெண்கள் ஒரு டாட்டா ஏஸில் வந்து இறங்கினார்கள். முப்பது பேர் இருப்பார்கள். முதலில் இறங்கிய தனக்கோடி மெர்லினைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மெர்லினு, உங்கம்மா போயிட்டாளேடி! சாப்பாட்டு நேரத்துல அவ பேசுனதப் போனுல போட்டுத்தான எல்லாரும் கஞ்சி குடிப்போம். இனிமே எங்களுக்கு யாருடி படம் சொல்லுவா?"

பெரியப்பாவின் கையில் கயிற்றைப் பார்த்தவள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னா பெரியவரே, ஏன் அவுக்கிறீங்க?"

"பேரு தப்பாருக்குதும்மா."

"சரியாத்தான போட்டிருக்குது. அளம் பூராவும் அவளுக்கு மெர்லினோட அம்மான்னுதான் பேரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

பெரியப்பா மார்ட்டினைப் பார்த்தார். பெண்களும் பார்த்தார்கள். மெர்லின் மட்டும் பார்க்கவில்லை. அவன் என்ன செய்தாலும் இன்று அவள் அந்தப் பேனருக்குக் கீழேதான் நிற்கப் போகிறாள்.

மார்ட்டின் பெரியப்பாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். சரிந்த பக்கத்தை மேலே இழுத்தான். கம்பத்தைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டான்.

"காத்து அடிக்குது. இறுக்கிக் கட்டணும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நான்கு மணிக்குக் கோயில் மணி அடித்தது. பூசை முடிந்து, சவப்பெட்டிக்குப் பின்னால் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு உப்பளத்து ஓரமாகத்தான் வழி. நேற்று அம்மா பாதி வாரிய பாத்தியை யாரும் தொடவில்லை. குழியில் மார்ட்டின் ஒரு பிடி மண் போட்டான். மெர்லின் ஒரு பிடி போட்டாள். பெரியப்பா அதற்குப் பிறகுதான் போட்டார்.

திரும்பி வந்தபோது வாசலில் கால் கழுவுவதற்கு ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தார்கள். மெர்லின் செம்பை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் மார்ட்டின் எடுத்துவிட்டான்.

"காலக் காட்டு."

அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். அவன் குனிந்து ஊற்றினான். விரலிடுக்கில் அப்பியிருந்த சேறு உடனே போகவில்லை. இன்னொரு செம்பு மொண்டான்.