உலை வாய்க்கு ஓர் ஆள்

"எங்கே வேலை?" என்று டாக்டர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். இத்தனை டாக்டர்களில் ஒருவரும் அவரை எதுவும் கேட்டதில்லை. கேட்க அவர் வந்தால்தானே? குறை என்னிடம்தான் என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டபின் ஊசியும் மாத்திரையும் எனக்கே வாய்த்தன. புருஷனும் வராமல் வைத்தியம் இல்லை என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"பழைய இரும்பு உருக்குற ஆலைங்க. உலை வாய்ல நிக்கிறேன்."

உயிரணு மிகவும் குறைவு, இருப்பதும் தெம்பில்லாமல் கிடக்கிறது என்றார் டாக்டர். வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அந்தப் புகையும் தூசும் சூடும் ஆண்களுக்கு ஆகாது.

"முதல்ல இடம் மாறுங்க. சில மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். உங்க ஆலைக்காரர் ஒருத்தருக்கும் இதையேதான் சொன்னேன். இப்ப அவருக்குக் குழந்தை இருக்கு."

"மச்சான்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்," என்றார் என் கணவர் சந்தோஷமாக. அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

உலை வாயிலிருந்து இடம் மாறிய ஒரே ஆள் என் அண்ணன். இடுப்பு வலி என்று சொல்லி வாசலில் லாரி எடை போடப் போனான். காலியான இடத்துக்கு, நம்ம மாப்பிள்ளை இருக்காரே என்று அவனே இவரைச் சேர்த்துவிட்டான். நானும் பெருமையாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன். அடுத்த வருஷமே அண்ணி பெற்றாள். எனக்குக் கரு நிற்கவில்லை என்றதும் டாக்டர் டாக்டராக என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தவனும் அவன்தான். இந்த டாக்டரை மட்டும், அங்கே கூட்டம் அதிகம் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான்.

இவரைப் பஸ் ஏற்றிவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். குழந்தை ஓடிவந்து என் தோளில் ஏறிக்கொண்டாள்.

"இடுப்பு வலி எப்படிண்ணே இருக்கு?"

அவன் டீவியை அணைத்தான். "அந்த டாக்டர்கிட்டயா போனீங்க?"

மறுக்கவாவது செய்வான் என்று நினைத்திருந்தேன்.

"உலைக்கு ஒரு ஆளக் குடுத்துட்டுத்தான் எடம் மாறணும்னு மேஸ்திரி சட்டம் வச்சிருக்காரு. யாரைக் கேட்டாலும் வரல. மாப்பிள்ளைதான் கேட்டதும் சரின்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எல்லாருக்குமா ஆயிடப்போவுதுன்னு இருந்துட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? எனக்கே குறை இருந்துச்சுன்னு தெரிஞ்சா வெளிய தலைகாட்ட முடியுமா?"

"எம்மாமியார் என்னை மலடின்னு சொன்னப்ப நீ பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிட்டிருந்த."

அவன் தரையைப் பார்த்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எந்தச் சதை ஆடியது? ஊசி போட்டுத் திரும்பும்போது எனக்கு வலிக்குமே என்று பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுவான். அதைப் பாசம் என்று நம்பினேனே, அந்த ஆத்திரம்தான் எனக்குத் தாளவில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மாப்பிள்ளை ஒரு ஆளக் குடுக்கட்டும். மேஸ்திரிகிட்ட நான் பேசுறேன்."

"யாரை?" என்றேன்.

குழந்தை என் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

"குடு, படுக்கப் போடுறேன்," என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை. நீட்டிய கைகளோடு அவன் நின்றான். குழந்தையின் மூச்சு என் கழுத்தில் வெதுவெதுப்பாக விழுந்துகொண்டிருந்தது.