கேப் ரோட்டில் இரண்டாம் கியர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாஷுக்கும் அவர் மனைவி ஆனந்திக்கும் நடந்தது. போன தை மாதக் கடைசியில், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனேன். வழக்கமாக சிவப்பிரகாஷ் உட்காரும் மிஷினில் ஆனந்தி உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குக் கையி சரியில்லீங்க டீச்சர்" என்று ஆரம்பித்தவர், என் ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் அவ்வப்போது கதை எழுதுகிறவள் என்பது அவருக்குத் தெரியும்.

"எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா எங்க ரண்டு பேருக்கும் ஒருக்கா படிச்சுக் காட்டிப்போடோணும்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூணாறின் பனிமூட்டம் வெண்பட்டைப்போல மலைகளைப் போர்த்தி"

(இதற்குமேல் பேனா போகவில்லை. தையல்காரர் கதை என்றால் பனியையும் துணியாக்கிவிட வேண்டுமா?)

அடுத்து: "விடுதலையைத் தேடி ஒவ்வொரு ஆண்டும் சிவப்பிரகாஷ்"

(அவர் எதையும் தேடிப் போகவில்லை. பொங்கல் துணிகளைத் தைத்துக் கொடுத்தபின் கடையில் நாலைந்து நாள் வேலை இருக்காது. பதினோரு வருஷமாக அந்த நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறார். பின்னால் ஆனந்தி. அவ்வளவுதான்.)

ஆக, நடந்ததை நடந்தபடியே சொல்வதுதான் என் திறமைக்குத் தாங்கும்.

3

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர். முதல் நாள் மூணாறில் தங்கினார்கள். மறுநாள் பூப்பாறை வழியாக வண்டன்மேடு, அங்கிருந்து பீர்மேடு என்று திட்டம்.

காலை ஏழரைக்கு மூணாறில் வண்டியை எடுத்தபோது சீட்டின்மேல் உறைபனி படிந்திருந்தது. ஆனந்தி துண்டால் அதைச் சுரண்டித் துடைத்தார். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கணவரின் பழைய மழைக்கோட்டு, காதை மூடி மப்ளர். அப்படியும் பல் தந்தியடித்தது. தேவிகுளம் தாண்டியதும் சிவப்பிரகாஷ் வண்டியை ஓரங்கட்டி, கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"இதைப் போட்டா லீவரு புடிபட மாட்டேங்குது புள்ள. நீ போட்டுக்க."

"இந்தக் குளுருல வெறுங்கையோடவா?"

"ஒண்ணும் ஆவாது."

ஆனந்தி போட்டுக்கொண்டார். உள்ளே கணவரின் கைச்சூடு இன்னும் இருந்ததாம். பதினோரு வருஷத்தில் அவர் கையுறையைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

தேவிகுளத்துக்கு அப்பால் மலையோரமாகப் போகும் கேப் ரோட்டில் இறக்கம் ஆரம்பித்தது. ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் மூட்டம் நிறைந்த பள்ளம். ஒரு வளைவில் எதிரே ஜீப் ஒன்று நடுரோட்டில் ஏறி வந்தது. ஆனந்தி அதைப் பார்த்தார். கணவர் பிரேக் பிடிப்பார் என்று தன் உடம்பை முன்னால் சாயத் தயாராக்கிக்கொண்டார். வண்டி வேகம் குறையவில்லை. எட்டிப் பார்த்தால், சிவப்பிரகாஷின் வலது கை விரல்கள் நான்கும் மடங்கித்தான் இருந்தன. ஆனால் லீவர்மேல் அல்ல. ஆக்சிலேட்டரைச் சுற்றி மடங்கியிருந்தன. அவர் பிரேக்கைப் பிடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க! பிரேக்கு! பிரேக்கு!"

கால் பிரேக்கை மிதித்தார். ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி பாறைப் பக்கத்து ஓடைக்குள் சரிந்து விழுந்தது.

4

(ஒரு வரைவில் நான் இவர்களைப் பாறைப் பக்கம் விழவிடவில்லை. மறுபக்கம் விழவிட்டேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் கடைப்பக்கம் போனபோது ஆனந்தி "டீச்சர், டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.)

5

ஆனந்திக்கு முழங்கையில் சிராய்ப்பு. சிவப்பிரகாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப்காரர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார். "நோக்கி ஓடிக்கண்டே சேட்டா", பார்த்து ஓட்ட வேண்டாமா என்று மலையாளத்தில் திட்டியவர், ஆனந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் மூணாறில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றார் சிவப்பிரகாஷ்.

ஜீப் போனதும் வண்டியில் ஏறிக் கிளச்சைப் பிடிக்கப் பார்த்தார். இடது கையும் லீவரைத் தேடித் தடவியது. கண்ணால் பார்த்தால்தான் விரல் சரியான இடத்துக்குப் போனது. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, யாரோ தைக்கக் கொடுத்துவிட்டுப் போன துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

(பாருங்கள், துணி மறுபடியும் வந்துவிட்டது. இது மட்டும் இருக்கட்டும், ஆனந்தி சொன்னது.)

"எறங்குங்க" என்றார் ஆனந்தி.

"என்னத்துக்கு?"

"நான் ஓட்டறேன்."

"உனக்குக் கியர் வண்டி எங்க தெரியும்?"

"கோயில் மைதானத்துல ரண்டு நாள் சொல்லிக் குடுத்தீங்கல்ல. அது போதும். பின்னால உக்காந்து சொல்லுங்க."*

* ஆனந்தியிடம் இருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கான லைசன்ஸ். இதை எழுதலாமா என்று கேட்டேன். "நடந்தது அதுதானுங்களே" என்றார்.

மூன்று முறை வண்டி உதறி நின்றது. நான்காவது முறை நகர்ந்தது. அவர் பின்னால் உட்கார்ந்து காதருகே சொல்லிக்கொண்டே வந்தார்: "கிளச்சப் புடி. ரண்டுல போடு. இப்ப மெல்ல விடு. வளைவு வருது, எஞ்சினே புடிக்கும், நீ பிரேக்க அழுத்தாத." மேலே மூன்றாவது கியருக்குப் போகவே இல்லை. ஆறு கிலோமீட்டர், நாற்பது நிமிஷம். பின்னால் வந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டின. ஆனந்திக்குக் குளிர் மறந்துபோயிருந்தது. பயந்தீர்களா என்று கேட்டேன். "பயப்பட நேரமில்லீங்க. அவரு சொல்றதக் கேக்கோணும், ரோட்டப் பாக்கோணும்" என்றார்.

6

பெரியகானலுக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. கடைக்காரர் மதலேனம்மாள் இருபது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டுக் கடை போட்டவர்.

"வாங்க, அடுப்புப் பக்கம் வந்து உக்காருங்க. ரெண்டு பேரும் வெடவெடன்னு ஆடுறீகளே" என்று சொல்லி, கொதிக்கும் தண்ணீரில் கழுவிய கிளாஸில் டீயை ஊற்றி நீட்டினார். ஆனந்தி கையுறையோடு விளிம்பைப் பிடித்து வாங்கினார். சிவப்பிரகாஷ் உள்ளங்கையும் விரல்களும் பதிய முழுக் கிளாஸையும் சேர்த்துப் பிடித்தார். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மதலேனம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏய்யா, கிளாஸு கொதிக்குதுல்ல. கை சுடலையா ஒங்களுக்கு?"

"குளுருல மரத்துப் போச்சுங்க" என்றார் சிவப்பிரகாஷ்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னாரு. சுகர் பாத்தீகளா?"

சிவப்பிரகாஷ் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தபோது விரல் நுனிகள் சிவந்திருந்தன. சாயங்காலத்துக்குள் கொப்புளம் கட்டியது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து காய்கறி ஏற்றிவந்த பிக்கப்பில் வண்டி வந்து சேர்ந்தது. பாலக்காட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நிறைய நாளாகவே இருந்திருக்கிறது, நரம்பைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை, பத்தியம். இனி உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சிவப்பிரகாஷ் இப்போது அளவெடுத்து வெட்டிக் கொடுக்கிறார். மிஷின் ஆனந்தியுடையது.

7

இங்கேயே முடித்திருக்கலாம். ஒரு விஷயம் என்னை விடவில்லை.

"கையி மரத்துப் போனது அன்னிக்குத்தாங்க மொதல் தடவ" என்று, பிறகு ஒருநாள் கடையில் பார்த்தபோது சிவப்பிரகாஷ் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் நவம்பரில் நான் கடையில் நின்றபோது அவர் விரலில் ஊசி ஏறியது. அவர் தைத்துக்கொண்டே இருந்தார். "ரத்தம்" என்று நான்தான் சொன்னேன். குனிந்து பார்த்து, சிரித்து, துடைத்துக்கொண்டார்.

ஆக, தெரிந்துதான் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலை ஏறினாரா? இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். இருபது வருஷமாக என் ரவிக்கைகளைத் தைக்கிறவர். அதற்காக விட்டுவிட முடியுமா? மூன்று நாள் யோசித்துவிட்டு இந்த வரியை எழுதினேன்: "தன் விரல்களில் உணர்ச்சி இல்லை என்பது வண்டியைக் கிளப்பும்போதே அவருக்குத் தெரியும்."

8

போன சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். வேறு யாரும் இல்லை. சிவப்பிரகாஷ் வெட்டுமேஜையில் சாய்ந்து நின்றார். ஆனந்தி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஜீப்காரர் வந்த இடத்தில் இருவரும் சிரித்தார்கள்.

அந்த வரி வந்தது. நானும் தயங்காமல் படித்துவிட்டேன்.

சிவப்பிரகாஷின் முகம் கறுத்தது. "அது மட்டும் வேண்டாமுங்க டீச்சர். அத எடுத்துப்போடுங்க. தெரிஞ்சே கூட்டிட்டுப் போனேன்னா, படிக்கறவங்க என்னைய என்னன்னு நெனப்பாங்க?"

"இருக்கட்டுமுங்க" என்றார் ஆனந்தி. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "எடுக்காதீங்க. அதுக்குக் கீழயே, எனக்கும் தெரியும்னு சேத்து எழுதிக்குங்க."

சிவப்பிரகாஷ் திரும்பினார். "உனக்கென்ன தெரியும்?"

"தீவாளிக்கு முந்தியே தெரியும். கடைக்குக் கெளம்பறப்ப சட்டைப் பட்டன் போட உங்களுக்கு எத்தன நேரமாச்சு? தடவித் தடவி, குனிஞ்சு குனிஞ்சு பாத்து. நான் அடுப்படியில நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறம் என்னத்துக்குப் புள்ள வண்டியில ஏறுன?"

"ஏறலைன்னா நீங்க தனியாப் போயிருப்பீங்கல்ல."

இந்த உரையாடல் என் கதையில் இல்லை. ஆனந்தி என்னிடம் கதை சொன்ன அன்றும் இதைச் சொல்லவில்லை. அவர் கண் வழியாகவே முழுவதையும் எழுதியதாக நான் நினைத்திருந்தேன். அவரை எனக்குத் தெரியவே இல்லை. சிவப்பிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்து, நான் அங்கே நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காகிதங்களை மடித்துப் பையில் வைத்தேன். "அப்புறம் வர்றேன்" என்றேன். இருவருமே போய்வரச் சொல்லவில்லை.

9

அவர் என்ன சொல்ல வாயெடுத்தார் என்று எழுதிப் பார்க்காமல் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று ஒன்று. அழுதார் என்று ஒன்று. "இத்தன நாளு ஏன் சொல்லல" என்று கேட்க, "நீங்க சொல்லுவீங்கன்னுதான்" என்று ஆனந்தி

இல்லை. வேண்டாம்.

படித்தவர்கள் நீங்கள் உங்களுக்குப் பட்டதை வைத்துக்கொள்ளலாம். என்னைவிட நன்றாகவே அமையும். அந்தக் கடைக்குள் கடைசியாக இருந்த வெளியாள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நான் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டு ஓரம் வந்திருப்பேன். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பாதிவரை இறங்கி நின்றது. அவர்கள் சாப்பாட்டுக்குக் கடை அடைப்பது ஒன்றரை மணிக்கு. அப்போது மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை.