அசல் கவுன்

பிலிப்பைன்ஸ் மலையூரான பாகியோவில் மழையில்லாத நாளைக்கூடப் பார்த்துவிடலாம். லித்தா கையுறை போடாமல் படியிறங்கிய நாளைப் பார்க்க முடியாது. முழுப் பெயர் எஸ்தெலிதா. வயது நாற்பத்தாறு. டாக்டர் பாடுவாவின் பல் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். தாடை வீங்கி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அவளைத்தான். வலை தொங்கும் குட்டித் தொப்பி, குடையாக விரிந்த பாவாடை, முழங்கை வரை வெள்ளைக் கையுறை, உதட்டில் ரத்தச் சிவப்பு. பல்லைப் பிடுங்கிக்கொண்டு மயக்கம் தெளியாமல் வெளியே வந்த ஒரு கிழவர் அவளைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்போ நான் போய்ச் சேந்துட்டேனா?" என்று கேட்டார். லித்தா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளைப் பொறுத்தவரை உலகம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதோடு அழகாக இருப்பதை விட்டுவிட்டது. அவள் பிறந்ததோ அதற்கு இருபது வருஷம் கழித்து. எந்தக் காலத்துக்காக உருகினாளோ அந்தக் காலத்தில் ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. அதனால்தான் அவளுடைய ஏக்கத்தில் ஒரு அப்பழுக்கும் கிடையாது. இருந்து பார்த்தவர்களுக்கென்றால் கொசுக்கடியும் சொத்தைப் பல்லும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

அவளுக்கு உடுப்பெல்லாம் உக்காய்க் கடையிலிருந்து வந்தது. கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வெளிநாட்டுப் பழந்துணியைக் கிளறி எடுக்கிற கடை. மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் உஸ்டிங்கின் கடை இருந்தது. உஸ்டிங் பத்து வயது மூத்தவள் என்பதால் லித்தாவுக்கு மனாங், அக்கா. லித்தா அவளுக்கு ஆடிங், தங்கச்சி. புது மூட்டை பிரிக்கிற நாளில் லித்தாவுக்கு ஒரு முக்காலி போட்டு வைப்பாள்.

"இது வேஷம், மனாங். எழுபதுக்கு அப்புறம் தெச்சது. ஜிப்பப் பாருங்க, பிளாஸ்டிக்கு. அந்தக் காலத்துல எல்லாம் இரும்பு ஜிப்பு."

"நான் துணியோட வெலையப் பாத்திருக்கேன், வயசப் பாத்ததில்லடி ஆடிங். ஆம்பளைங்கள இந்த மாதிரி புரட்டிப் பாத்திருந்தேன்னா, ரெண்டு புருஷன் மிச்சமாயிருக்கும்."

அசல் என்பது லித்தாவுக்கு வேதம். பழைய மாதிரியில் புதிதாகத் தைத்துப் போடுகிறவர்களை அவள் திருடர்களுக்கு ஒரு படி கீழே வைத்திருந்தாள். தையலை விரலால் தடவிப் பார்த்தே வருஷம் சொல்வாள். முகர்ந்து பார்த்து ஐந்து வருஷம் முன்னே பின்னே திருத்துவாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் பிப்ரவரி மாதத்து மூட்டையில், மழைக்கோட்டுகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கவுன் வந்து விழுந்தது. மேலே கறுப்பு வெல்வெட், கீழே தந்த நிறத்தில் சாட்டின், இடுப்பைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மணிகள். கழுத்துக்கு உள்ளே பிரெஞ்சுக்காரி பெயர் போல ஏதோ எழுதிய ஒரு பட்டை. லித்தா முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

ஜிப்பு பிளாஸ்டிக்தான். பார்க்காமல் இல்லை. பின்னால் யாரோ மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். நூல் பளபளவென்று இருந்தது, பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். பழந்துணி வாசனையே இல்லை, வெளிநாட்டுக்காரர்கள் சுத்தக்காரர்கள். வேறொருத்தி இதே கவுனைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், மூன்று நொடியில் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பாள்.

"என்ன வருஷம்டி இது?" என்றாள் உஸ்டிங்.

"ஐம்பத்துமூணு, மனாங். தாண்டாது."

ஏப்ரலில் ஊர்ச் சுவர்களில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். மலைமேல் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஹோட்டலுக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தேநீர் நடனம். எல்லோரும் ஐம்பதுகளின் உடையில் வர வேண்டும். 'மிக அசலான உடை'யை மணிலாவிலிருந்து வரும் மூன்று நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்தவரின் படம் ஹோட்டல் முகப்பில் நிரந்தரமாகத் தொங்கும். லித்தா அதைப் படித்துவிட்டுக் கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

டாக்டரின் மனைவி பெலிசாவும் வருவதாகச் சொன்னாள். பெலிசாவுக்கு ஓட்டப் பயிற்சிக் கால்சட்டையும் ஸ்போர்ட்ஸ் ஷூவும்தான் வீட்டுக்கும் வெளிக்கும்.

"டாக்டரு டிக்கெட்ட வாங்கித் தொலச்சுட்டாரு. மாமியாக்காரி பொட்டியில என்னமோ ஒண்ணு கெடக்கு, லித்தா. அத மாட்டிட்டு வந்துர்றேன்."

"தொடச்சு, காத்தாடப் போட்டு எடுத்துட்டு வாங்க, மேடம்," என்றாள் லித்தா. எதிரி இல்லாத போர் என்று நினைத்ததால், அவளுக்குப் பரிவுகூட வந்தது.

அந்த ஞாயிறன்று லித்தா ஹோட்டல் மாடிப்படியில் இறங்கினாள். படியில் எப்படி இறங்குவது என்று இரண்டு வாரம் தபாலாபீஸ் படிக்கட்டில் பழகியிருந்தாள். வயலின் வாசித்துக்கொண்டிருந்த மூவரில் ஒருவர் சுருதி தப்பினார். கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. பதினெட்டு வருஷமாகப் பல்வலிக்காரர்களைத் தவிர யாரும் பார்க்காத அழகை அன்று ஊரே பார்த்தது. லித்தா சிரிக்கவில்லை, சிரித்தால் அந்தக் காலத்துப் படங்களைப் போல இருக்காது.

அடுத்து பெலிசா வந்தாள். தோளில் வண்ணத்துப்பூச்சி இறகு போலச் சட்டைக் கைகள் நிமிர்ந்து நிற்க வேண்டிய தெர்னோ, அந்த நாட்டுப் பாரம்பரிய உடுப்பு. பெட்டியில் நசுங்கி, ஒரு இறகு காதைத் தொட்டது, ஒன்று முழங்கையில் தொங்கியது. துணி பழுப்பேறிக் கிடந்தது. அடியில் ஸ்போர்ட்ஸ் ஷூ எட்டிப் பார்த்தது. நடுவர்களில் இளையவள், "பள்ளிக்கூட நாடகத்துல தேவதை வேஷமா?" என்றாள். பக்கத்தில் இருந்தவன், "தேவதை இல்ல, ஜன்னல் திரை" என்றான்.

நான்கு மணிக்கு எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். லித்தா சர்க்கரையும் சீஸும் தூவிய ரொட்டி ஒன்றைத்தான் சாப்பிட்டாள். கவுன் அதையும் தாங்கவில்லை. ஜிப்பு பாதியில் பிளந்துகொண்டது. துணைக்கு வந்திருந்த உஸ்டிங் அவளைப் பெண்கள் ஒப்பனை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஊசி குத்தத் துணி வேண்டுமென்று உட்புறத் துணியைப் பிரித்தவள், அப்படியே நின்றாள்.

"ஆடிங், இங்க என்னமோ எழுதியிருக்கு. நீதான் இங்கிலீஷு படிச்சவ."

தையலுக்கு அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பட்டை. நூறு சதவீதம் பாலியெஸ்டர், மெஷினில் துவைக்கலாம். அதன் கீழே மையால் யாரோ எழுதியிருந்தார்கள்: உல்லாசக் கப்பல், இரண்டாம் காட்சி, நடனப் பெண் 7.

லித்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதால் கண்மை வழியும் என்பதால் அழவில்லை.

"ஏழுன்னா நல்ல எடந்தான்," என்றாள் உஸ்டிங், தேற்றுகிற குரலில். "நடுவுல நின்னு ஆடியிருப்பா."

"மனாங், தயவுசெஞ்சு வாய மூடுங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு பெலிசா உள்ளே வந்தாள். "லித்தா, இங்கதான் இருக்கியா? இந்த றெக்கையக் கொஞ்சம் நிமித்திக் குடும்மா. சூப்புக் குடிக்கப் போனா அது முதல்ல குடிக்குது."

லித்தா எழுந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் கையைத் தொட்டாள். தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது. அன்னாசி நாரில் நெய்த துணி. வெங்காயச் சருகு கனம்கூட இல்லை. பூவேலை ஒவ்வொன்றும் கையால் போட்டது. பின்பக்கம் திருப்பினால் எது முன் எது பின் என்று தெரியாது. இடுப்பில் இரும்பு ப்ரெஸ் பட்டன்கள். கழுத்துக்குள், தையற்காரியின் பெயரெழுத்து இரண்டும் வருஷமும் நூலிலேயே போடப்பட்டிருந்தன. ஐம்பத்துமூன்று.

இப்படி ஒன்றை அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். நெஞ்சுக்குழியில் பொறாமை புளித்த ஏப்பம் போல ஏறியது. கசங்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் துணி படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் கொண்டையிலிருந்து நான்கு ஊசிகளை உருவி, இறகு இரண்டையும் நிமிர்த்தி நிறுத்தினாள். அவளுடைய கொண்டை சரிந்தது. உஸ்டிங் பிளந்த ஜிப்பை ஊசி குத்தி மூடினாள்.

ஐந்து மணிக்கு முடிவைச் சொன்னார்கள். மிக அசலான உடை: எஸ்தெலிதா. இளைய நடுவர் ஒலிபெருக்கியில் உருகினாள். "ஒவ்வொரு தையல்லயும் ஐம்பதுகள் மூச்சு விடுது! நிஜம்னா இப்படித்தான் இருக்கும்!"

லித்தா ஒலிபெருக்கியை வாங்கினாள். அவளிடம் பல குறைகள் உண்டு. அசல் விஷயத்தில் பொய் சொல்வது அதில் சேராது.

"இது அசல் இல்லைங்க. கப்பல்ல டான்ஸ் ஆடுறவங்க போடுற உடுப்பு. பாலியெஸ்டர். எனக்கே ஒரு மணி நேரம் முன்னாலதான் தெரியும். அசல், அதோ மேடம் பெலிசா போட்டிருக்காங்களே, அதுதான்."

கூடமே சிரித்துக் கைதட்டியது. "என்ன பணிவு! என்ன நகைச்சுவை!" என்றான் நடுவர்களில் ஒருவன். "அந்தக் காலத்துப் பெண்மணிங்க இப்படித்தான் இருந்தாங்க!" உண்மை சொன்னதற்காக அவளுக்குக் கூடுதலாக ஒரு பூங்கொத்தும் கிடைத்தது.

பெலிசா அவளை ஒரு தூணோரம் இழுத்துக்கொண்டு போனாள். கோபம் என்று லித்தா நினைத்தாள்.

"லித்தா, அந்தக் கவுன எனக்குக் குடு. நான் இத உனக்குத் தர்றேன்."

"மேடம், நான் சொன்னது சத்தியம். இது மெஷின்ல துவைக்கிற துணி. உங்களோடத மியூசியத்துல வெப்பாங்க."

"மியூசியத்துல வெக்கிறதுக்கு எனக்கு என்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சு? ஜெயிச்ச கவுன விடக் கூடாதுன்னு கத விடுற. எனக்குத் தெரியாதா?"

"பட்டைய வேணா காட்டுறேன். பாருங்க."

"காட்ட வேணாம்." பெலிசாவின் குரல் இறங்கியது. "கல்யாண நாளுக்குக் கல்யாண நாள் எங்க மாமியா இதப் போட்டுக்கிட்டு வந்து என் முன்னாடி நிப்பாங்க. 'உனக்கு இந்த இடுப்பு வராது'ம்பாங்க. இருபத்தோரு வருஷம். எனக்கு இது வேணாம், லித்தா. நீ எறங்கி வந்தப்ப எல்லாரும் மூச்ச இழுத்தாங்க பாரு, எனக்கு அது வேணும்."

லித்தா டாக்டரைக் கேட்காமல் வாங்க மாட்டேன் என்று நின்றாள். டாக்டர் பாடுவா இறுக்கமான கோட்டுக்குள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாவோடதா இது? அது வெள்ளையால்ல இருந்துச்சு?"

"மஞ்சளாயிடுச்சு, டாக்டர்."

"பல்லுன்னா மஞ்சள எடுத்துடலாம். துணிக்கு எனக்கு வைத்தியம் தெரியாது. எடுத்துக்கோ."

இப்படியாக, மூன்று தடவை உண்மையைச் சொல்லி, லித்தா உலகத்திலேயே தனக்கு மிகவும் வேண்டிய பொருளைச் சம்பாதித்தாள்.

கப்பல் கவுனில் பெலிசா அதன்பிறகு மூன்று கல்யாணங்களுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு கேட்டது. ஹோட்டல் முகப்பில் லித்தாவின் படம் தொங்குகிறது. கீழே 'அசல் ஐம்பதுகள்' என்று பித்தளையில் பொறித்திருக்கிறார்கள். லித்தா இப்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

தெர்னோ அவளுக்குச் சேரவில்லை. தோள் சரி, கை சரி. இடுப்பில் மூன்று விரற்கடை இடைவெளி. மூன்று வாரம் சோற்றைக் குறைத்தாள். இடைவெளி குறையவில்லை. பெட்டியில் வைத்துத் தினம் திறந்து பார்த்தாள். மே மாதக் கடைசி ஞாயிறன்று பொறுக்க முடியாமல் உடுத்தி, முதுகை ஒரு சால்வையால் மறைத்துக்கொண்டு, இறகு இரண்டும் நிமிர்ந்து நிற்கக் கடைத்தெருவுக்கு இறங்கினாள். ஊர் நின்று பார்க்கும் என்று நினைத்தாள்.

ஒருவரும் திரும்பவில்லை. ஜீப்னி ஓட்டுகிறவன்கூட ஹாரன் அடிக்கவில்லை. தெருமுனை திரும்பியதும் விஷயம் புரிந்தது. கோயிலிலிருந்து மாதா ஊர்வலம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ராணி வேஷத்தில் இருபது பெண்கள், இருபது பேருக்கும் வாடகைத் தெர்னோ, பளபளவென்று, தேய்த்து மடிப்புக் கலையாமல். கையில் பட்டியலோடு ஒரு அம்மாள் ஓடிவந்து லித்தாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்கம்மா போயிட்ட? உன்னாலதான் வரிசையே நிக்குது! யாருகிட்ட வாடகைக்கு எடுத்த, இப்படிப் பழுப்பாக் குடுத்திருக்கான்? பரவால்ல, பின்னாடி நில்லு, தெரியாது."

லித்தா வாயைத் திறந்தாள். ஐம்பத்துமூன்று என்று சொல்ல வந்தாள். ஏற்கெனவே ஒரு தடவை உண்மை சொல்லிப் பூங்கொத்து வாங்கியது நினைவு வந்தது. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

கடைசி வரிசையில், பதின்வயதுப் பெண் ஒருத்திக்குப் பக்கத்தில் நடந்தாள். அந்தப் பெண் இடது இறகு சரிந்து முகத்தில் இடிக்கிறதென்று முனகிக்கொண்டே வந்தாள். லித்தா நடந்தபடியே அதை நிமிர்த்திக் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, உங்களோடது மட்டும் எப்படி இவ்வளவு லேசா ஆடுது?"

"அன்னாசி நாரு," என்றாள் லித்தா.

"ஓ, சாப்பிடற அன்னாசியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பெண் பாட்டைத் தொடர்ந்தாள்.

ஊரைச் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் கோயில் வாசலில் நடந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பச்சரிசிப் பணியாரமும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தார்கள். லித்தா இரண்டாவது பணியாரத்தையும் கேட்டு வாங்கினாள். இடுப்பு எப்படியும் மூடப் போவதில்லை.