பச்சைப் பேரீச்சம்பழப் பெட்டி

எங்கள் ஒழுங்கைக்குள், இந்த ஒடுக்கமான சந்துக்குள், குப்பை டிரக்டரைக் கொண்டுவந்தவள் நான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பிரதேச சபைக்கு ஏழு தரம் நடந்தேன். அதற்கு முதல் குப்பையெல்லாம் கடலோரக் களப்புக் கரைக்குத்தான் போகும். காகமும் நாயும் அதை இழுத்துவந்து வாசலில் போடும்.

அந்த டிரக்டர்தான் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நின்றுபோகப் பார்த்தது. எல்லாம் பேரீச்சம்பழப் பெட்டியால். நோன்புக்குப் பள்ளிவாசலில் வீட்டுக்கு வீடு பழம் பகிர்ந்தார்கள். பழம் தீர்ந்தது, பெட்டி மிஞ்சியது. பெட்டி முழுக்க அரபு எழுத்து, குர்ஆனின் எழுத்து. குப்பையில் போட ஒருத்திக்கும் மனம் வரவில்லை. கிழிந்த கிதாபுகளை எரித்துச் சாம்பலைப் புதைப்பதுபோல, ஒழுங்கை முடக்கில் வைத்து எரிக்கத் தொடங்கினார்கள். பெட்டியில் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருந்ததால் கரும்புகை கிளம்பியது.

டிரக்டரை ஓட்டிவரும் அருள்குமரன், உடப்பு ஊர்த் தமிழ்ப் பொடியன், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

"அக்கா, இனி ஒருக்கா இங்க புகை கண்டா இந்த ஒழுங்கைக்குப் போகவேண்டாமெண்டு ஓடர். செவ்வாய்க்கிழமை பெட்டியெல்லாம் மட்டை போடுற சாக்கில இருக்கவேணும்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! நடந்து தேய்ந்த கால் என்னுடையதல்லவா?

செவ்வாய் காலை எல்லோரையும் என் வாசலுக்குக் கூப்பிட்டேன். எட்டு வருஷம் ரியாத்தில் வீட்டுவேலை செய்தவள் நான். அரபு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பிடித்து வாசித்தேன்.

"கேளுங்கடி. இது, 'குளிரான இடத்தில வைக்கவும்'. இது நிறை. இது கம்பனிட டெலிபோன் நம்பர். இதையா எரிச்சுப் புதைக்கிறீங்க?"

"டெலிபோன் நம்பரையா புள்ள நான் முத்தம் குடுத்து அலுமாரிக்கு மேல வெச்சேன்!" என்று ஃபஹ்மியா தலையில் அடித்துக்கொண்டாள். ஒழுங்கையே சிரித்தது. பெட்டிகள் மளமளவென்று சாக்குக்குள் போயின.

ஒழுங்கையில் மூத்தவரான மஹ்மூதா ராத்தா மட்டும் தன் பச்சைப் பெட்டியை விடவில்லை.

"தாங்க ராத்தா. உங்கட பெட்டிக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?"

"மூடிக்கு உள்பக்கம் பாரு புள்ள."

பார்த்தேன். சின்னத் தங்க எழுத்தில் பிஸ்மில்லாஹ் இருந்தது. நான் ஒரு மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சாக்குக்குள்ளும் பச்சைப் பெட்டிகள் கிடந்தன, என் கையால் போட்டவை. யா அல்லாஹ், வெட்கத்தில் முகம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து டிரக்டரும் வந்து நின்றது. நான் சாக்கைத் தலைகீழாகக் கொட்டினேன்.

"தம்பி, பிழை என்னில. இதில அல்லாஹ்ட பேர் இருக்கு. இப்படியே ஏத்த விடமாட்டேன். போறதெண்டா போங்க."

அருள்குமரன் எஞ்சினை நிறுத்தினான். கையுறையைக் கழற்றினான். என் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினான். பிறகு வந்து நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"கத்திரிக்கோல் தாங்க அக்கா. எந்த இடத்தில வெட்டவேணுமெண்டு காட்டுங்க, எனக்கு வாசிக்கத் தெரியாது."

அரை மணித்தியாலம் வெட்டினோம். வெட்டிய துண்டுகளை மஹ்மூதா ராத்தா வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டார், புகையில்லாமல் புதைப்பதற்கு. மிச்ச மட்டையெல்லாம் டிரக்டரில் ஏறியது.

"அடுத்த செவ்வாயும் வருவீங்கதானே தம்பி?"

"வராம? பிறகு நீங்க எட்டாந்தரம் சபைக்கு நடந்து வந்திருவீங்களே!"