பக்க ஓரத்தில் எழுதியது

இந்த வருஷம் எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே நாவலை வாசிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் உத்தரவு போட்டது. வாசித்தால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்களாம். கோவில்பட்டிக் கல்லூரியில் அந்தப் பொறுப்பு தமிழ்த்துறை ஆசிரியை ஆனந்தியின் தலையில் விழுந்தது. சொன்னதைச் செய்துவிட்டு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஐந்து பேருக்கு ஒரு புத்தகம்தான் வந்தது. கைமாற்றிப் படிக்கட்டும், மனசில் பட்டதைப் பக்க ஓரத்தில் எழுதட்டும், அடுத்தவர் அதற்குக் கீழே பதில் எழுதட்டும் என்று தானாக ஒரு விதியைச் சேர்த்தாள். இந்தச் சீமையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, புத்தகம் வீட்டுக்கும் போகும் என்பது புத்தியில் உறைக்கவில்லை பாருங்கள்.

குழுவையும் மேலத்தெரு, கீழத்தெரு பார்த்துக் கலந்துதான் போட்டாள். செல்வலட்சுமி மேலத்தெரு, கருப்பசாமி கீழத்தெரு; எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் ஒரே ஊர். மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் வந்தும் ஒரு வார்த்தை பேசாதவர்கள். கதையில் ஒருத்தி படிப்பை விடும் இடத்தில், 'எங்க அக்காவும் இப்படித்தான் நின்னா' என்று கருப்பசாமி எழுதியிருந்தான். அதற்குக் கீழே, 'நான் நிற்க மாட்டேன்' என்று செல்வலட்சுமி எழுதினாள். அவ்வளவுதான்.

அவள் அண்ணன் மணிராஜ் கதையில் ஒரு வரி படிக்கவில்லை. ஓரத்தை மட்டும் ஒன்று விடாமல் படித்தான். மறுநாளிலிருந்து செல்வலட்சுமி வரவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆனந்தி பஸ் ஏறினாள். செல்வலட்சுமியின் அப்பா நல்லக்கண்ணு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்ததும் ஆனந்தி உட்காராமலே பேச ஆரம்பித்தாள்.

"தப்பு என்னோடது, அண்ணாச்சி. எழுதச் சொன்னதே நான்தான்."

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீய, டீச்சர். புள்ளையையும் நான் குத்தம் சொல்லல. ஊர் வாய மூட முடியுமா?"

"ரெண்டு மாசந்தான் இருக்கு. பரீட்சை மட்டுமாவது எழுதட்டும். நானே கூட்டிட்டுப் போயி, நானே கொண்டாந்து விடுதேன்."

"வேண்டாம்" என்றான் வாசல் நிலையில் சாய்ந்து நின்ற மணிராஜ். "அந்தப் பயலும் இனி வர மாட்டான். அவிய வீட்டுல போய்ச் சொல்லியாச்சு."

என்ன சொன்னார்கள் என்று கேட்க ஆனந்திக்குத் தைரியம் வரவில்லை. சண்டாளி, ரெண்டு பிள்ளைகளைக் கெடுத்தாயே என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

"ஏட்டி, டீச்சர்ட்ட அதக் குடு" என்றார் நல்லக்கண்ணு.

செல்வலட்சுமி வந்து புத்தகத்தை நீட்டினாள். அதன்மேல் மடித்த தாள் ஒன்று இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக டி.சி. வேண்டும் என்று, வகுப்பில் ஆனந்தி சொல்லிக்கொடுத்த விண்ணப்ப முறைப்படி, ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.

"நாங்களே வரணும்னுதான் இருந்தோம். களத்துல உளுந்து கெடக்கு" என்றார் நல்லக்கண்ணு. "வந்ததுதான் வந்தீய, இதையும் ஆபீஸ்ல குடுத்திருங்க."

முடியாது என்று சொல்லத்தான் ஆனந்தி வாயெடுத்தாள். செல்வலட்சுமி தலையை நிமிர்த்தாமல், "வாங்கிக்கோங்க, டீச்சர்" என்றாள்.

வாங்கிக்கொண்டாள்.