ஒன்பதாவது புள்ளியில் மூன்று சைபர்

ஒன்பதாவது புள்ளிக்கு நேரே மூன்று சைபர்கள் இருந்தன. வரிசை மாறிப் பார்த்துவிட்டேன் போல என்று நினைத்து, நிரூபா திரையில் விரலை வைத்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். விட்பி ஊருக்கு வடக்கே உள்ள புல்வயல். ஒன்பதாவது புள்ளி. பறவை: பொபோலிங். முதல் வருகை 0, இரண்டாம் வருகை 0, மூன்றாம் வருகை 0. கீழே கையொப்பமிடும் பெட்டியில் அவளுடைய பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது.

அந்தப் புள்ளியில் அவள் ஒரு தடவைகூடப் பறவை எண்ணி முடிக்கவில்லை.

அன்று ஜூலை முதற் புதன்கிழமை. மே மாதம் தொடங்கிய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கட்டட வேலைக்கு முன் நிலத்தில் உள்ள பறவைகளை ஆய்வு செய்யும் நிறுவனம் அது; அதன் காரையும் தொலைநோக்கியையும் திருப்பிக் கொடுத்து, அறிக்கையில் கையொப்பம் வைத்துவிட்டுப் போகத்தான் மிசிசாகாவில் இருக்கும் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மூன்றாவது வருடமாக இந்த வேலை. செப்டெம்பரில் நிரந்தர வேலை ஒன்று வரப்போகிறது, அது உமக்குத்தான் என்று தரவுப் பிரிவுக்குப் பொறுப்பான பிரியந்தன் அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

பறவை எண்ணுவது என்றால் கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிட முடியாது. எல்லாரும் எல்லா வருடமும் ஒரே மாதிரி எண்ண வேண்டும். அதற்காக வயலில் முன்கூட்டியே புள்ளிகளைக் குறித்துவிடுவார்கள். விடியற்காலையில் புள்ளிக்குப் போனதும் முதலில் ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஆள் வந்த அரவத்துக்கு வாய் மூடிய பறவைகள் திரும்பப் பாடத் தொடங்குவதற்கான நிமிடம் அது. பிறகு பத்து நிமிடம். சுற்றிவர நூறு மீற்றர் வட்டத்துக்குள் கண்டதும் கேட்டதும் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று தாளில் குறிக்க வேண்டும். பாதிக்கு மேல் காதால் நடக்கும் வேலை. ஆண் பொபோலிங் பாடினால் பழைய கணினியொன்று இணையத்தோடு மல்லுக்கட்டுவது போலிருக்கும். வயிறு கறுப்பு, முதுகு வெள்ளை, பிடரி வைக்கோல் நிறம். கோட்டை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்குக் கிளம்பிய ஆள் மாதிரி இருக்கும். அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. புல்லுக்குள் தரையிலேயே கட்டும்; அருகிவரும் பறவை என்பதால் அது இருக்கும் வயலைத் தோண்டச் சட்டம் எளிதில் விடாது.

அந்தத் தாளில் சைபருக்குப் பெரிய மதிப்பு உண்டு. விதிப்படி நின்று, விதிப்படி கேட்டு, ஒன்றும் இல்லாவிட்டால்தான் சைபர். மூன்று வருகையிலும் சைபர் வந்தால் அந்த இடத்தில் அந்தப் பறவை இல்லை என்று எழுதலாம். எழுதிய பிறகு மண்வாரி இயந்திரம் உள்ளே இறங்கலாம். எண்ண முடியாமற் போனால் சைபர் போடக்கூடாது. ஒரு சிறு கோடு இழுத்துப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். சைபர் என்றால் பார்த்தோம், இல்லை. கோடு என்றால் பார்க்கவில்லை, தெரியாது.

நிரூபா மூன்று தடவையும் கோடுதான் இழுத்திருந்தாள். முதல் தடவை காற்று. இலை மட்டும் ஆடினால் எண்ணலாம், சிறு கிளைகளே ஆடத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். அன்று கிளைகள் ஆடின. மூன்றாம் தடவை வீதியில் மண் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அன்று எட்டாவது புள்ளியிலிருந்து பார்த்தபோது ஓர் ஆண் பொபோலிங் ஒன்பதாவது புள்ளியின் பக்கம் பறந்து புல்லுக்குள் இறங்கியது. எட்டாவது புள்ளியின் வட்டத்துக்கு வெளியே என்பதால் அதை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. தாளின் ஓரத்தில் குறித்து வைத்தாள்.

இரண்டாம் தடவை நடந்தது வேறு. ஒன்பதாவது புள்ளி வயலுக்குள் இல்லை, பொது வீதியின் ஓரத்தில். எதிர்ப்பக்கம் ஒரு வீடு. எண்ணத் தொடங்கி நான்காவது நிமிடத்தில் பொலிஸ் கார் வந்து நின்றது. தொலைநோக்கியோடு ஒரு பெண் வீட்டை நோட்டம் விடுவதாக யாரோ அறிவித்தார்களாம். அவள் அடையாள அட்டையைக் காட்டினாள். அதிலிருந்த அலுவலக எண்ணுக்கு அழைத்தால் எட்டரைக்கு முன் யாரும் எடுப்பதில்லை. பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகவே ஒன்றேகால் மணித்தியாலம் அவளைக் காரோடு சாய்ந்து நிற்க வைத்தார். முந்திய வருடங்களில் இருவராகப் போவார்கள். இந்த வருடம் ஒருவர் போதும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது.

தாளில் கோடு இழுத்து, “பொலிஸ் மறித்தது” என்று எழுதினாள். இப்போது திரையில் அந்த இடத்தில் வட்டமாக, அழகாக, ஒரு சைபர்.

பிரியந்தன் எழும்பி வந்து திரையைப் பார்த்தார். ஐம்பது வயது தாண்டியவர், எவரோடும் குரலை உயர்த்தாதவர். மென்பொருளின் படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் சிவப்பாகிவிடும், சேமிக்க விடாது, கோடும் ஏற்காது, எண் மட்டும்தான் ஏற்கும் என்று விளங்கப்படுத்தினார். இருநூறு தாள் ஏற்ற வேண்டும். வருகிற கட்டம் எல்லாம் சிவப்பாக நின்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

“அதுக்காகச் சைபர் போடுறதோ, அண்ணை?”

“எல்லா வருசமும் உப்பிடித்தான் போடுறது. கீழ வசனத்தைப் பாரும். ‘மூன்று வருகைகளிலும் காணப்படவில்லை’ எண்டுதானே எழுதியிருக்கு. அதில பொய் ஒண்டும் இல்லையே.”

“கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டாலும் ஒண்டும் காணப்படாதுதான்.”

அவர் சிரிக்கப் பார்த்து, அவளுடைய முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை அந்த வயலில் மேல்மண் வாரத் தொடங்குகிறார்கள், அறிக்கை வெள்ளிக்கிழமை போகவேண்டும், திட்டத்துக்குப் பொறுப்பான மெலிசா காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, செப்டெம்பர் வேலைக்கு ஆள் எடுப்பதும் அதே மெலிசாதான் என்பதை ஞாபகப்படுத்தினார்.

அவர் முதலில் சொன்னதிலேயே நிரூபா நின்றாள். எல்லா வருடமும் என்றால், போன வருடம் அவள் கையொப்பமிட்ட தாள்களிலும் இப்படி எத்தனை? அதற்கு முந்திய வருடம்?

“அண்ணை, என்னைப் பொலிஸ் மறிச்சு வைச்ச நாளை நீங்கள் சைபர் எண்டு போட்டிருக்கிறியள். நான் அங்க போய் நிண்டு, வடிவாக் கேட்டு, குருவி இல்லை எண்டு சொன்னனாம். என்ர பேரில.”

“எனக்கு விளங்குது, நிரூபா. எனக்கு அந்தக் கட்டத்தை மாத்தேலாது.”

“எனக்கு ஒப்பம் வைக்கேலாது.”

விதிப்படி அந்தக் கிழமை முடியும்வரை எண்ணலாம். நாளைக்கு விடிய ஒன்பதாவது புள்ளிக்கு மட்டும் போய் எண்ணிவிட்டு வருகிறேன் என்றாள். காரை ஒப்படைத்தாயிற்று, திருப்பித் தர அனுமதி இல்லை என்றார் அவர். வெள்ளிக்கிழமை வரை நான் இந்த நிறுவனத்தின் ஆள்தானே என்று கேட்டாள். அதற்கு ஓம் என்றார். அவளுக்கு அது போதும்.

சொந்தக் கார் இல்லாத நிரூபாவை மறுநாள் ஏற்றிக்கொண்டு போனவள் மச்சாள் சுபாங்கி. விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றும் பகுதியில் வேலை. இரவு வேலை முடிந்து, மினுங்கும் மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஸ்காபரோவுக்கு வந்து இவளை ஏற்றினாள். வழியெல்லாம் கொட்டாவியும் நக்கலும்.

“உலகத்தில வேலை போறதுக்கு ஆயிரம் வழி இருக்கு. நீ குருவியால போகப் போறாய்.”

“குருவியால இல்லையடி. சைபரால.”

“அது இன்னும் மோசம். ஒண்டுமில்லாததுக்குப் போய் வேலையை விடுறாய்.”

மச்சாள் பகிடியாகச் சொன்னதைத்தான் நிரூபா நேற்று முழுக்க ஆத்திரத்தோடு யோசித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்பதை ஒருவர் சொன்னால் அதை நம்பி ஒரு வயலையே புரட்டிப் போடுகிறார்கள். அவ்வளவு பெரிய சொல்லை, கட்டம் சிவப்பாகிறது என்பதற்காகத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவதா?

ஐந்தேமுக்காலுக்கு வீதியோரத்தில் நின்றாள். காற்றில்லை. புல் இடுப்பளவு. ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டு, கைபேசியில் பத்து நிமிடத்தை ஓடவிட்டு எண்ணத் தொடங்கினாள். வடகிழக்கே எண்பது மீற்றரில் செந்தோள் கரும்பறவை ஒன்று. தெற்கே நாற்பதில் சவானாக் குருவி, தும்மலை அடக்குவதுபோன்ற பாட்டு. மேற்கே இன்னொன்று.

நான்காவது நிமிடத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வயதான ஒரு மனிதர் கையில் தொலைபேசியோடு வாசலைத் தாண்டி வந்தார். போன தடவை பொலிஸ் காரைக் கண்டதும் அவள் பென்சிலைக் கீழே வைத்திருந்தாள். இந்தத் தடவை வைக்கவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினாள்.

சுபாங்கி காரிலிருந்து இறங்கி வீதியின் குறுக்கே நடந்து போனாள். காதுக்கு எட்டாத குரலில் இருவரும் ஏதோ பேசினார்கள். அந்த மனிதர் மஞ்சள் மேலங்கியை மேலும் கீழும் பார்த்தார், தலையை ஆட்டினார், தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான். வாசற்படியில் குந்திக்கொண்டு அவரும் வயலைப் பார்க்கத் தொடங்கினார்.

மணி ஒலித்தது. சவானாக் குருவி மூன்று, செந்தோள் கரும்பறவை இரண்டு. பொபோலிங் இல்லை. ஒருவேளை ஒருபோதும் இங்கே இருக்கவில்லை. ஒருவேளை குஞ்சுகள் பறந்து, குடும்பமாகக் கிளம்பிவிட்டன. ஒருவேளை ஐம்பது மீற்றரில் புல்லுக்குள் வாய் திறக்காமல் இருக்கிறது. அவள் 0 என்று எழுதினாள். நின்று கேட்டு எழுதிய சைபர்.

“நீ என்ன சொன்னனி அவருக்கு?”

“நாங்கள் வேலை செய்யிறம் எண்டு சொன்னன். வேற ஒண்டும் கேக்கேல்லை.”

“நான் அட்டை காட்டினனான். பொலிஸுக்கு. ஒண்டேகால் மணித்தியாலம்.”

“உன்ர அட்டையை ஆர் பாத்தது? மஞ்சள் போடு.”

நிரூபாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு காரிலேயே தாளை நிரப்பினாள். முதல் வருகை: கோடு, காற்று. இரண்டாம் வருகை: கோடு, பொலிஸ் மறித்தது. மூன்றாம் வருகை: கோடு, லொறிச் சத்தம், எட்டாவது புள்ளியிலிருந்து ஓர் ஆண் பொபோலிங் இந்தப் பக்கம் இறங்கியது. நான்காம் வருகை: 0. அடியில் கையொப்பம் வைத்தாள். படமெடுத்துப் பிரியந்தனுக்கும் மெலிசாவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினாள். இந்தத் தாளை அறிக்கையில் சேர்த்தால் என் பெயர் இருக்கலாம், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினாள்.

கள ஆளின் பெயர் இல்லாமல் அறிக்கை போக முடியாது. அவர்கள் ஸ்காபரோவுக்குத் திரும்ப முன்னமே பிரியந்தன் அழைத்தார்.

“மெலிசா கேக்கிறா, இருக்கோ இல்லையோ எண்டு. ஒரு சொல்லில சொல்லட்டாம். நான் என்ன சொல்லுறது?”

“தெரியாது எண்டு சொல்லுங்கோ.”

“அப்பிடிச் சொல்ல ஒரு கட்டம் இல்லையே, தங்கச்சி.”

“அப்ப வாயால சொல்லுங்கோ.”

சொல்லுறன் என்றார் பிரியந்தன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவதில், ஒன்பதாவது புள்ளியைச் சுற்றியுள்ள மூலையில் பறவை இல்லை என்ற முடிவை அறிக்கையிலிருந்து நீக்குவதாகவும், அந்த மூலையை அடுத்த வருடம் மறுபடி எண்ணி முடிக்கும்வரை தொடப்போவதில்லை என்றும் இருந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து வந்த மற்றதில், நிரந்தர வேலைக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்ததாகவும், அவளுடைய ஆர்வத்துக்கு நன்றி என்றும் இருந்தது. இரண்டின் கீழும் மெலிசாவின் பெயர்.

நிரூபா இரண்டாவதை மூன்று தடவை வாசித்தாள். பிறகு அதற்குப் பதில் எழுதாமல் முதலாவதைத் திறந்து எழுதத் தொடங்கினாள். அடுத்த வருடம் ஒன்பதாவது புள்ளிக்கு எவரை அனுப்பினாலும் இருவராக அனுப்புங்கள். விடியற்காலையில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணை அட்டையில் போடுங்கள். ஆளுக்கொரு மஞ்சள் மேலங்கி கொடுங்கள். இவ்வளவையும் போன மாதமே கொடுத்திருந்தால் உங்கள் தாளில் எனக்கு ஒரு கோடு குறைந்திருக்கும்.

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினாள்.